ஹௌரா பாலம் ஆயிரம் அடி நீளமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு எங்கள் தேநீர்க் கடையும் என் அவசர வாயும்தான் காரணம். அதை மறைப்பதற்கில்லை.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 1990ஆம் ஆண்டு முதல் 1993 தொடக்கம் வரை கல்கத்தாவில், படா பஜார் பக்கம் ஒரு தென்னிந்திய மெஸ்ஸில் வேலை பார்த்தார். (அன்று அந்நகரின் பெயர் கல்கத்தாதான், 2001இல் கொல்கத்தா ஆயிற்று.) சென்னையிலிருந்து ரயிலில் வரும் காப்பித்தூள், அப்பளக் கட்டு முதலிய பார்சல்களை ஹௌரா நிலையத்திலிருந்து எடுத்து வருவது அவர் பொறுப்பு. ரயில் நிலையம் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. மெஸ் இருந்ததோ கிழக்குக் கரையில். நடுவே ஹௌரா பாலம். தலைச்சுமையோடு அவர் அதை எத்தனை நூறு முறை கடந்திருப்பாரோ! ஊர் திரும்பிக் கடை வைத்த பிறகு, மழை பெய்து கூட்டம் குறைந்த மாலைகளில் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசாமல் அவருக்குப் பொழுது போகாது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை. கடை பெஞ்சில் நாலைந்து பேர். யாரோ வடநாட்டுப் பயணம் பற்றிப் பேச்சை எடுத்தார்கள். அப்பா தொடங்கினார்.

"ஹௌரா பாலம் இருக்கே, ஆயிரம் அடி. ஒரு போல்ட்டு நட்டு கிடையாது. வெயில் ஏறினா நாலு அடி நீளும், ராத்திரி சுருங்கிடும். நடுவுல ட்ராம் ஓடும். உலகத்துலயே மூணாவது பாலம் அது."

நான் கைப்பேசியை எடுத்தேன். "705 மீட்டர்னு போட்டிருக்கு. அப்படின்னா 2313 அடி. ட்ராமும் கிடையாது. மூணாவதும் இல்லப்பா, ஆறாவது" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பையன் காலேஜு படிக்கிறான்ல, இனிமே பாத்துப் பேசணும்" என்றார் ஒருவர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கழுவிய கிளாஸையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் இயற்பியல் மன்றத்தின் தகவல் பலகையில் எழுதும் முறை எனக்கு வந்தது. "ஹௌரா பாலத்தின் நீளம் 705 மீட்டர்" என்று சாக்பீஸால் பெரிதாக எழுதினேன். அவ்வழியே வந்த எங்கள் விரிவுரையாளர் நின்று படித்தார். பிறகு, "எங்கிருந்து எங்கே வரை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எண் தெரிந்திருந்ததே தவிர, அது எதன் எண் என்பது தெரியாது. அன்று மாலையே நூலகத்தில் உட்கார்ந்தேன்.

தேடத் தேட நீளங்கள் பெருகின. ஓரிடத்தில் 705 மீட்டர். இன்னோரிடத்தில் 457 மீட்டர். மற்றொன்றில் 2150 அடி. வேறொன்றில் 1528 அடி. ஒரே பாலத்துக்கு நான்கு நீளங்களா? யாரோ ஒருவர் சரி, மற்ற மூவரும் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான்குமே சரியான எண்கள்! இதைப் புரிந்துகொள்ள அப்பாலத்தின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹௌரா பாலம் கேண்டிலீவர் வகையைச் சேர்ந்தது. யங் குணகம் காணும் சோதனையில் மீட்டர் அளவுகோலின் ஒரு முனையை மேசை விளிம்பில் இறுகப் பொருத்தி, மறுமுனையில் எடையைத் தொங்கவிடுகிறோம் அல்லவா? அதுவே கேண்டிலீவர். இங்கே ஆற்றின் இரு கரையோரங்களிலும் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஆற்றின் பக்கம் ஒரு கை நீள்கிறது. அதன் நீளம் 468 அடி. கரைப் பக்கம் இன்னொரு கை நீள்கிறது. அது 325 அடி. கரைப் பக்கத்துக் கையின் நுனி தரையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதை நங்கூரக் கை என்கிறார்கள். அது பிடித்து இழுப்பதனால்தான் ஆற்றுப் பக்கத்துக் கை கவிழாமல் அந்தரத்தில் நிற்கிறது. இரு கரைகளிலிருந்தும் இப்படி நீண்டு வரும் கைகள் நடுவில் தொட்டுக்கொள்வதில்லை. இடையே 564 அடி நீளமுள்ள ஒரு துண்டை அவை இரண்டும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கின்றன. எதிரெதிரே நிற்கும் இருவர் கை நீட்டி ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டிருக்க, முதுகுப்புறம் வேறு இருவர் அவர்களை இழுத்துப் பிடித்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 468 + 564 + 468 = 1500 அடி. இது கோபுரத்துக்குக் கோபுரம் உள்ள தூரம், மீட்டரில் 457. இதோடு இரண்டு நங்கூரக் கைகளையும் சேர்த்தால் 1500 + 325 + 325 = 2150 அடி. நங்கூர முனைகளுக்கு அப்பால் இரு பக்கமும் சாலையோடு சேரும் பகுதியையும் சேர்த்த முழு நீளம் 2313 அடி, அதாவது 705 மீட்டர். ஆக, 457 என்பவர் கோபுரத்திலிருந்து கோபுரம் வரை சொல்கிறார். 705 என்பவர் சாலையிலிருந்து சாலை வரை சொல்கிறார். அளவுநாடா ஒன்றுதான், பிடித்த முனைகள்தாம் வேறு. பொறியாளர்களுக்கு முக்கியம் முதல் எண். தாங்குதல் எதுவும் இன்றி எவ்வளவு தூரம் தாண்டியிருக்கிறது என்பதை வைத்தே ஒரு பாலத்தின் பெருமையை அவர்கள் அளக்கிறார்கள்.

1528 அடி என்பது இந்தப் பாலமே அன்று. 1874இல் சர் பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற பொறியாளர் அதே ஆற்றில் ஒரு மிதவைப் பாலம் அமைத்தார். மிதவைகளை வரிசையாக நிறுத்தி, மேலே தளம் போட்ட பாலம் அது. 62 அடி அகலம். கப்பல்கள் போக வேண்டுமானால் நடுப்பகுதியை விலக்கி வழிவிட வேண்டும். அதுவரை வண்டிகளும் மனிதர்களும் இரு கரையிலும் காத்து நிற்க வேண்டும். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கல்கத்தா அப்படித்தான் ஆற்றைக் கடந்தது. அதுவும் ஹௌரா பாலம் என்றே அழைக்கப்பட்டதால், அதன் அளவு இதன் பெயரில் ஏறிவிடுகிறது. 1528உம் 1500உம் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருப்பது குழப்பத்துக்கு இன்னும் வசதி.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1992 அக்டோபரில் அதே ஆற்றின் குறுக்கே, தெற்கே சிறிது தள்ளி, வித்யாசாகர் சேது என்ற இரண்டாம் ஹூக்ளி பாலம் திறக்கப்பட்டது. அது கம்பி வடங்களால் தாங்கப்படும் முற்றிலும் வேறு வகைப் பாலம். முழு நீளம் 823 மீட்டர். ஆனால் அதன் நடு இடைவெளியும் அதே 457 மீட்டர்தான்! ஒரு நகரம், ஓர் ஆறு, இரண்டு பாலங்கள், ஒரே எண். வினாடி வினாவில் '457 மீட்டர்' என்று கேட்டால் எந்தப் பாலத்தைச் சொல்வது?

பெயரிலும் ஒரு மயக்கம். 1965 ஜூன் 14இல் ஹௌரா பாலத்துக்கு ரவீந்திர சேது என்று மகாகவி தாகூரின் பெயரைச் சூட்டினார்கள். மக்கள் பழைய பெயரை விடவில்லை. நான் பார்த்த ஒரு பொது அறிவு வினா-விடைப் புத்தகத்தில் ஹௌரா பாலமும் ரவீந்திர சேதுவும் இரண்டு தனித்தனிப் பாலங்களாக, இரண்டு தனித்தனி நீளங்களோடு இருந்தன.

ஆண்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய பாலத்துக்கான சட்டம் 1926இல் இயற்றப்பட்டது. கட்டுமானம் 1936இல் தொடங்கி 1942இல் முடிந்தது. போக்குவரத்துக்குத் திறந்த நாள் 1943 பிப்ரவரி 3. ஆகவே 1942 என்பவர்கள் கட்டி முடித்ததைச் சொல்கிறார்கள், 1943 என்பவர்கள் திறந்ததைச் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய பாலத்துக்குத் திறப்பு விழா என்று எதுவுமே நடக்கவில்லை. அது உலகப் போர்க் காலம். 1942 டிசம்பரில்தான் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின் மீது குண்டு வீசியிருந்தன. கூட்டம் கூட்டி மேளம் கொட்டும் நேரமா அது? தன்னந்தனியாக ஒரு ட்ராம் முதலில் கடந்து போயிற்றாம், அவ்வளவுதான். பாலத்துக்கு ஆன 26,500 டன் எஃகில் சுமார் 23,000 டன் டாட்டா ஆலையில் நம் நாட்டிலேயே வார்க்கப்பட்டது. போர் நடுவில் இது நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நீள அகலங்களைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

இனி அப்பா சொன்னவற்றுக்கு வருகிறேன்.

'உலகத்திலேயே மூன்றாவது' என்றார். திறந்த அன்று அது உண்மை. கேண்டிலீவர் பாலங்களில் அன்று முதலிடம் கனடாவின் கியூபெக் பாலத்துக்கு (1917, 549 மீட்டர்). இரண்டாமிடம் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்துக்கு (1890, 521 மீட்டர்). மூன்றாவது ஹௌரா. பின்னர் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பாலம் 1958இலும், ஜப்பானின் மினாட்டோ பாலமும் அமெரிக்காவின் கமோடோர் பாரி பாலமும் 1974இலும் வந்து இதைப் பின்னுக்குத் தள்ளின. இன்று ஆறாவது. அப்பா கல்கத்தாவுக்குப் போனபோதே ஆறாவதுதான். மெஸ் முதலாளி அவருக்குச் சொன்னது, முதலாளிக்கு அவர் தந்தை சொன்னதாக இருக்கலாம். பாலம் மாறவில்லை, உலகம் மாறிவிட்டது.

ட்ராம் விஷயத்தில் நான் செய்தது பெரிய தவறு. 'ட்ராம் கிடையாது' என்று எத்தனை உறுதியாகச் சொன்னேன்! பாலத்தின் மேல் சுமை கூடிவிட்டதென்று ட்ராமை நிறுத்தியது 1993இல். அப்பா அங்கிருந்த காலமெல்லாம் ட்ராம் ஓடியது. அவர் கண்ணால் கண்டதை நான் கைப்பேசியைக் காட்டி இல்லை என்றேன்.

'ஒரு போல்ட்டு நட்டு கிடையாது' என்பதும் சரியே. பாலத்தின் எஃகுப் பகுதிகள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. எங்கள் கடை வாணலியின் காதைப் பாருங்கள். உடலோடு அதைப் பிடித்து வைத்திருப்பது திருகாணி அன்று, இரு பக்கமும் தலை தட்டிய ஆணி. அதுதான் ரிவெட். பாலத்தில் அதைச் சிவக்கக் காய்ச்சித் துளையில் செருகி, மறுபக்கத்தைச் சூட்டோடு அடித்துத் தலையாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்குகிறது. சுருங்குகையில் இரு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. திருகியதைத் திரும்பத் திருகிக் கழற்றலாம், அதிர்ச்சியில் தானே தளரவும் கூடும். ரிவெட்டுக்கு அந்த வம்பு இல்லை. நாம் முதலாண்டில் படித்த வெப்ப விரிவுதான் அங்கே கொல்லனுக்குத் துணை நிற்கிறது.

அதே வெப்ப விரிவுதான் அப்பாவின் அடுத்த கூற்றைக் கவிழ்த்துவிட்டது. வெயிலில் பாலம் நாலு அடி நீளும் என்பது அவர் மட்டும் சொல்வதன்று, எழுத்திலும் வழங்குகிறது. இதற்கு நூலகம் வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும். எஃகின் நீள்விரிவு எண் டிகிரிக்கு 0.000012. இரவுக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே எஃகின் வெப்பநிலை 30 டிகிரி வேறுபடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முழு நீளத்தையும் எடுத்துக்கொண்டால்,

705 × 30 × 0.000012 = 0.254 மீட்டர்.

அதாவது 25 சென்டிமீட்டர், பத்து அங்குலம். நாலு அடி, அதாவது 1.2 மீட்டர் நீள வேண்டுமானால் வெப்பநிலை எவ்வளவு ஏற வேண்டும்? 1.2 ÷ (705 × 0.000012) = 142 டிகிரி! அப்படி ஏறினால் பாலத்தின் மேல் அடுப்பில்லாமல் டீ போடலாம்; நடந்து போக முடியாது. அந்தப் பத்து அங்குலமும் ஓரிடத்தில் சேர்ந்து புடைத்துக்கொண்டு நிற்பதில்லை. கைகளும் நடுத்துண்டும் சந்திக்கும் இடங்களில் இதற்கென்றே விரிவு இணைப்புகள் விடப்பட்டிருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக, கேட்டதும் சிரிக்கத் தோன்றிய ஒரு செய்தி உண்மையாயிற்று. வெற்றிலைப் பாக்கு எச்சில் பாலத்தை அரிக்கிறது என்பதே அது! பாலத்தின் தளம் 39 ஜோடித் தொங்குகம்பங்களில் தொங்குகிறது. அக்கம்பங்களின் அடியில் பாதுகாப்புக்காக எஃகு மூடிகள் உண்டு. நடப்பவர்கள் துப்பித் துப்பி, 6 மில்லிமீட்டர் தடிமனாக இருந்த அம்மூடிகள் சில ஆண்டுகளில் 3 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்டன என்று 2011இல் கண்டார்கள். பாலத்தைப் பராமரிக்கும் துறைமுக நிர்வாகம் பின்னர் கண்ணாடியிழை உறைகளைப் போட்டது. நம்பத்தகாததாகத் தோன்றுவது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உயரத்துக்கும் இரண்டு எண்கள் கிடைத்தன: 269 அடி, 280 அடி. இரண்டாவதற்கு மட்டும், கோபுரத்தைத் தாங்கும் அடித்தளத்தின் மேலிருந்து அளந்தது என்ற குறிப்பு இருந்தது. எங்கிருந்து என்று சொல்லாத எண்ணை நான் பலகையில் எழுதவில்லை. அகலத்தில் சண்டை இல்லை. வண்டிப் பாதை 71 அடி, இரு பக்கமும் நடைபாதை பதினைந்து பதினைந்து அடி.

எஞ்சியது அந்த 'ஆயிரம் அடி'.

கோபுரத்துக்குக் கோபுரம் 1500 அடி. நங்கூரம் முதல் நங்கூரம் 2150. முழு நீளம் 2313. நடுத்துண்டு 564. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் ஆயிரம் வரவில்லை. இது வெறும் பேச்சுவாக்கு, ஊரில் 'ஆயிரம்' என்றால் நிறைய என்று பொருள் என முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் விடியற்காலை கடைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தேன். தெருக்குழாயிலிருந்து கடை வரை. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனவரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கடையில் இறக்கியதும், "என்னப்பா முணுமுணுக்கிறீங்க?" என்றேன்.

"எண்ணுறேன். சுமை எடுத்தா எண்ணிக்கிட்டே நடக்கணும் தம்பி. கனம் தெரியாது. கல்கத்தாவுல பழகுனது. அந்தப் பாலத்துல இந்த முனையில ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அந்த முனையில ஆயிரம் வரும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சொன்னது அளவுகோல் அடி அன்று. எடுத்து வைத்த அடி! தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அடி என்றதும் பன்னிரண்டு அங்குலம் என்று எடுத்துக்கொண்டு, அதை 2313 என்ற எண்ணோடு ஒப்பிட்டு, கடையில் நாலு பேர் முன்னால் தவறு என்றவன் நான்.

அன்று மதியமே தையற்கடையில் அளவுநாடா வாங்கி வந்தேன். அப்பாவின் தலையில் ஓர் அரிசிச் சிப்பத்தை ஏற்றித் தெருவில் நடக்கச் சொன்னேன். "எதுக்குடா?" என்றாரே தவிர மறுக்கவில்லை. அம்மா வாசலில் நின்று, எங்கள் இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றார். இருபது எட்டுக்கு 47 அடி வந்தது. அப்படியானால் ஓர் எட்டு 2.35 அடி. 2313ஐ 2.35ஆல் வகுத்தால் 984. இருபது வயதில் எட்டு எவ்வளவு இருந்தது, ஐம்பதைத் தாண்டிய பிறகு எவ்வளவு என்ற வேறுபாடு இதில் உண்டு. ஆயினும் 1500 அடிக்கு இந்த எட்டு 638 முறைதான் போகும். ஆயிரத்துக்கு அது பக்கத்திலேயே இல்லை. சாலை முதல் சாலை வரை உள்ள நீளத்தைத்தான் அவர் அளந்திருக்கிறார். நான் பலகையில் எழுதிய 705 மீட்டரும் அவர் தலைச்சுமையோடு எண்ணிய ஆயிரமும் ஒரே அளவு. 'எங்கிருந்து எங்கே வரை' என்று அவரைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அதே பெஞ்சுக்காரர்கள் இருக்கும்போது, நோட்டுப் புத்தகத்தோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுக் கணக்கை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். ட்ராம் 1993இல் நின்றது என்றதும் அப்பா, "நான் வந்த வருஷம்" என்றார். வித்யாசாகர் சேது திறந்த அன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் சந்தேஷ் கொடுத்ததை அவராகவே நினைவுபடுத்திச் சொன்னார். மூன்றாவது ஆறாவதானதை, "போகட்டும், வயசாயிடுச்சுல்ல" என்று விட்டுவிட்டார்.

வெப்ப விரிவுக் கணக்கையும் பெருக்கிக் காட்டினேன். பத்து அங்குலந்தான் என்றேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"நீ சித்திரை வெயில்ல தலையில மூட்டையோட அந்தப் பாலத்துல நடந்திருக்கியா?"

"இல்லை."

"நடந்துட்டு வந்து சொல்லு. நாலு அடி நீளுதா இல்லையான்னு."

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். இம்முறை என்னைப் பார்த்து. அந்த ஒரு கணக்கு மட்டும் எங்கள் கடையில் இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.